மேலே போகத்தான் காசு

கல்தானியில், ஒன்பது மாடிக் கட்டடங்களின்
லிஃப்டுக்குள் ஓர் உண்டியல் உண்டு.
தகரப் பெட்டி, சிறு பூட்டு, காசு நுழைய ஒரு கீறல்.
பத்துத் தெத்ரி போட்டால் மேலே தூக்கும்.
இறங்க ஒன்றும் கேட்காது.
திபிலீசிக்குப் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள்.
எங்களுக்குச் சிரிப்பு வராமல் போய் வெகுநாளாயிற்று.

நான் எரிவாயு மீட்டர் பார்ப்பவள்.
பதினொரு வருடமாக ஆட்களை எண்களால்தான் தெரியும்.
நாற்பத்தேழு: சங்கிலியை விடுவிக்காமல்
இடுக்கு வழியே பேசும் லமாரா.
ஐம்பத்திரண்டு: நாய்.
எழுபது: அம்மா வரும்வரை திறக்கமாட்டேன் என்று
உள்ளிருந்தே எண்களைப் படித்துச் சொல்லும் பையன் வாஜா.
தப்பாகச் சொல்வான். எழுதிக்கொள்வேன்.
அறுபத்தொன்று, எட்டாம் மாடி: நுக்சார்.
அவர் மீட்டருக்கு ஈய முத்திரை வைத்தது நான்தான்,
இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு.
பாக்கி நானூற்றுச் சொச்சம்.
விதி விதிதானே என்றேன். நீல மையில் என் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று
திருவுருவப் படத்தின் கண்ணாடியை முத்தமிடுவேன்.
எனக்கு முன்னே எத்தனை உதடு பட்டதோ,
ஒரு பெண் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பாள்.
கூச்சப்பட்டதில்லை.

அன்று வியாழன். ஜனவரி.
முழங்கால் காலையிலிருந்தே பேசிக்கொண்டிருந்தது.
லிஃப்டுக்குள் நிற்கிறேன், பையில் நோட்டு மட்டும்.
பின்னாலேயே அவர் வந்தார்:
ஈரக் கம்பளி, பழைய ஒயின், கழுவாத தலை.
மூச்சை அடக்கிக்கொண்டேன். வழக்கம்தான்.

துழாவும் என் கையைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
கோட்டுப் பைக்குள் கைவிட்டார்; பை ஓட்டை.
காசு உள்துணிக்குள் நழுவியிருந்தது.
விளிம்பு வழியே விரட்டினார்,
முதுகுப்பக்கம் ஓடியது, மடக்கினார்,
மறுபடி இடுப்புக்கு வந்தது,
கோழிக்குஞ்சைப் பிடிக்கிறவர் போல
இரு கையாலும் பொத்தினார்.
அவ்வளவு நேரம் எனக்காக
யாரும் எதையும் தேடியதில்லை.

பெட்டியில் போட்டார்.
போட்டுவிட்டு வெளியே போய் நின்றார்.
"நீங்கள் போங்கள். நான் நாறுகிறேன்."

கதவு மூடியது.
திறக்கும் பொத்தான் என் விரலிலிருந்து
ஒரு சாண்கூட இல்லை.
இதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல முடியுமா
என்று பார்த்தேன். முடியவில்லை.

ஒன்பதில் வெளியே வந்து நின்றேன்.
கீழேயிருந்து படியேறும் சத்தம்:
இரண்டு அடி, ஓர் இருமல், கைப்பிடிக் கம்பியின் அதிர்வு.
இரண்டு அடி.
ஐந்தாம் மாடியில் நின்றுபோனது.

வெளிச்சம் ஏதும் வரவில்லை.
அடுப்பில் பாலை மறந்து வந்தவள் போல
வயிறு மட்டும் திடுக்கென்றது.
ஞாயிறன்று யாரைப் பார்க்க வரிசையில் நிற்கிறேனோ
அவர் ஐந்தாம் மாடிப் படியில்
மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்,
என் பத்துத் தெத்ரியைக் கட்டிவிட்டு.

இறங்கினேன். காசு கேட்கவில்லை.
இரங்கியது யார் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

மூன்று மாடியைச் சேர்ந்தே ஏறினோம்.
என் முழங்காலுக்கு ஒரு நிறுத்தம்,
அவர் மார்புக்கு ஒரு நிறுத்தம்.
பேச்செல்லாம் மாடிப்படி விளக்கை
யார் கழற்றிக்கொண்டு போனார்கள் என்பது பற்றித்தான்.
அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எனக்கு வேறொன்று.

அறுபத்தொன்றின் கதவைத் திறந்தார்.
முத்திரை அப்படியே இருந்தது.
"பாருங்கள், தொடவே இல்லை" என்றார்,
நான் கொடுத்துவைத்த நகையைக் காத்தவர் போல.
வெளியைவிட உள்ளே குளிர்.
"வாருங்கள்."

மீட்டர் பார்க்கப் போகும் வீடுகளில்
நான் பூட்ஸைக் கழற்றுவது கிடையாது.
நேரமாகும். கயிறு நீளம்.

குனிந்தேன்.